வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொல்லும் நாள்

நீடாமங்கலம் பக்கத்தில் நான் மருந்துக்கடை வைத்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தஞ்சாவூரிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் வருகிற பேருந்துகள் கடைக்கு எதிரே நிற்பதால், மருத்துவமனையிலிருந்து பெரியவர்களை அழைத்து வருகிறவர்கள் ஊருக்குள் போவதற்கு முன்பு என் கடையில் ஒரு முறை நின்றுவிட்டுத்தான் போவார்கள். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை இருக்கும். அதற்குள் எக்ஸ்ரே உறை, ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், இவற்றுக்கு நடுவில் நான்கு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று கேட்பார்கள். ஒன்பது நாளும் பன்னிரண்டு நாளும் மருத்துவமனைக்குள்ளேயே கிடந்தவர்கள், தங்கள் வீட்டுப் பெரியவருக்கு என்ன வந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டு முதன்முதலாகத் தமிழில் கேட்டுக்கொள்கிறார்கள். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. தாளில் இருப்பதைத்தான் என்னால் படித்துச் சொல்ல முடியும். அந்த உடம்பை ஒன்பது நாள் பார்த்தவர்கள் வேறு ஆட்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாள் எப்படிப் போகும் என்பது, ஒரு முறையாவது வார்டு வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் "இன்னைக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். வீட்டில் பஞ்சாங்கத்தைப் பார்த்து, வியாழக்கிழமையாக இருந்தால் ராகுகாலம் ஒன்றரைக்குப் பிறந்துவிடும், அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று வாடகைக் காருக்குச் சொல்லிவிடுவார்கள். பில் தயாராக நான்கு மணி ஆகும். காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர் என்றால் ஒப்புதல் வருவதற்கு இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்து, மருந்து ஏற்றுவதற்காகக் கையில் குத்தியிருந்த வென்ஃப்ளான் குழாயை எடுத்துப் பஞ்சை அழுத்தி, புடவை மாற்றி, சக்கர நாற்காலியும் வந்துவிட்ட பிறகு, கடைசி ஐந்து நிமிடத்தில் செவிலியர் மருந்துப் பையைப் பிரித்து, "இது காலைல, இது ராத்திரி, இது சாப்பாட்டுக்கு முன்னாடி" என்று சொல்லத் தொடங்குவார். அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை; அதே நேரத்தில் அவருக்காக வேறு பல கட்டில்கள் காத்திருக்கும். அந்த ஐந்து நிமிடமும் எதிரில் நின்று கேட்டுக்கொள்பவர் பெரும்பாலும் பணம் கட்டிவிட்டு ரசீதோடு வந்தவர், அல்லது குடும்பத்தில் படித்தவர் என்று பெயர் எடுத்தவர். நாளைக் காலையில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கப் போகிறவர் அவர்தானா என்று யாரும் கேட்பதில்லை.

என் அனுபவத்தில் கோளாறு இந்த இடத்தில்தான் இருக்கிறது. சொல்ல வேண்டியதை மருத்துவமனைகள் பெரும்பாலும் சொல்லிவிடுகின்றன. யாரிடம் சொல்ல வேண்டுமோ, அவரிடம் அது போய்ச் சேருவதில்லை.

இதை நான் என் பெரியம்மாவின் விஷயத்தில்தான் முழுதாக உணர்ந்தேன். சென்ற ஆண்டு புரட்டாசியில், சிறுநீர்த் தொற்றில் தொடங்கிய காய்ச்சல் முற்றி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, கால் இரண்டும் வீங்கி, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். அவருக்கு வயது எழுபத்தாறு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருபது வருடமாக உண்டு. பெரியம்மாவின் மகன், திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஒன்பது நாளும் கூடவே இருந்தார். டிஸ்சார்ஜ் அன்று செவிலியர் சொன்னதை எல்லாம் அண்ணன் கவனமாகக் கேட்டு, கைபேசியில் தட்டச்சு செய்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு அன்று இரவே திருப்பூர் பேருந்தில் ஏறிவிட்டார். மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போய்விடும். வீட்டில் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள இருந்தவர் பெரியப்பா ஒருவர்தான். அவருக்கு எண்பத்தொரு வயது. அவர் கையில் இருந்தது பட்டன் போன்.

இரண்டாம் நாள் நான் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பெரியம்மா கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு வேண்டாம் என்றார். "வாய் கசக்குதுடா" என்றார். நான் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்கிற நான், அந்த வீட்டில் என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் எல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருப்பார் என்ற நினைப்பு.

மூன்றாம் நாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு பெரியப்பா கூப்பிட்டார். "தம்பி, பெரியம்மா என்னென்னமோ ஒளர்றாடா. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது." கடையைத் திறந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கிக்கொண்டிருந்தது, என்னை யாரென்று அடையாளம் தெரியவில்லை. கருவியில் 38 காட்டியது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று கணக்கு. நல்ல வேளையாக, விழுங்கச் சொன்னால் விழுங்கும் நிலையில் இருந்தார். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். நினைவே இல்லாதவர் வாயில் அப்படி ஊற்றக் கூடாது, அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். 108 வந்தது. மன்னார்குடி அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் தெளிந்து, "எங்கடா கொண்டாந்துட்டீங்க?" என்று கேட்டார். இவர் போடும் வகைச் சர்க்கரை மாத்திரையின் வேகம் ஒரு நாளுக்கு மேலும் நிற்கும், சிறுநீரகம் மந்தமாக இருப்பவருக்கு மறுபடியும் இறங்கலாம் என்று சொல்லி, பணியிலிருந்த மருத்துவர் உடனே அனுப்பாமல் இரண்டு நாள் வைத்துக்கொண்டார்.

அன்று மதியம் பெரியப்பாவுடன் வீட்டுக்கு வந்து, திண்ணையில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரு பக்கம் பழைய பிஸ்கட் டப்பா. அதில் என் கடையில் மாதாமாதம் வாங்கும் அட்டைகள், நான் என் கையால் "காலை" என்று எழுதிக் கொடுத்த காகித உறைகள். இன்னொரு பக்கம் மருத்துவமனை மருந்தகத்தின் பை. பெரியப்பா டப்பாவைக் காட்டி, "இது சுகர் மாத்திரை, எப்பவும் போடுறது" என்றார். பையைக் காட்டி, "இது ஆஸ்பத்திரி மாத்திரை, காய்ச்சலுக்கும் கிட்னிக்கும்" என்றார். இரண்டிலிருந்தும் ஒவ்வோர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். ஒன்று பச்சை எழுத்து, ஒன்று நீல எழுத்து. பெயருக்கும் பெயருக்கும் ஒலியில்கூட ஒற்றுமை இல்லை. கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் கிளிமிபிரைடு என்ற ஒரே சர்க்கரை மருந்தின் பெயர் இருந்தது. டப்பாவில் இருந்தது 2 மில்லிகிராம். சிறுநீரகம் தளர்ந்துவிட்டது, சாப்பாடும் இறங்கவில்லை என்பதால் மருத்துவமனை அதைக் குறைத்து 1 மில்லிகிராமாக எழுதியிருந்தது. குறைத்த மருந்தும் குறைக்காத மருந்தும் சேர்ந்து, கஞ்சியும் சரியாகக் குடிக்காத உடம்புக்குள் இரண்டு நாள் போயிருந்தன. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில், முன்பு எடுத்துக்கொண்ட சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அண்ணன் போட்ட வாட்ஸ்அப் செய்தியிலும் அது இருந்தது. எழுத வேண்டிய மருத்துவர் எழுதியிருக்கிறார், அனுப்ப வேண்டிய மகன் அனுப்பியிருக்கிறார். மாத்திரையைப் பிரித்துக் கொடுத்த கைக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஒரே மருந்து பத்துப் பெயரில் வருவது நம் நாட்டில் புதிதில்லை. மருத்துவர்களுக்கான 2002 ஆம் ஆண்டின் நெறிமுறை விதிகளை 2016 இல் திருத்தியபோது, மருந்துகளைக் கம்பெனிப் பெயரில் இல்லாமல் ஜெனரிக் பெயரில், அதாவது உள்ளிருக்கும் மருந்தின் பெயரில், படிக்கும்படியாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் சொன்னது. என் கடைக்கு வரும் சீட்டுகளில் இன்னமும் கம்பெனிப் பெயர்தான் அதிகம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் உள்ள எத்தனையோ வீடுகளில் அது பெரும் உதவி. ஆனால் பெரியவர் ஒருவர் தனியார் மருத்துவமனையிலிருந்து மாற்றிய மருந்தோடு வந்திருக்கிறார் என்று அந்தத் தன்னார்வலரிடம் யாராவது சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? ஆகவே ஒரு வீட்டில் மூன்று வழியாக மாத்திரை வந்து சேருகிறது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கண் ஒன்றுகூட இல்லை. பழைய மாத்திரை டப்பாவை டிஸ்சார்ஜுக்கு முதல் நாளே மருத்துவமனைக்குக் கொண்டு போய்க் கொட்டிக் காட்டி, எது இருக்கலாம், எது கூடாது என்று ஒவ்வோர் அட்டையாகக் கேட்டுவிட வேண்டும் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

வயதானவர்களுக்குச் சொன்னால் புரியாது, அதனால்தான் படித்தவரிடம் சொல்கிறோம் என்று மருத்துவமனைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. பெரியப்பா குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும்போது ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்பதை யாரும் அவருக்கு இரண்டாம் முறை சொன்னதில்லை. ஒரு நெல்லைப் பல்லில் கடித்து, "இன்னும் ஒரு வெயில் காயணும்" என்பார். 40 கிலோ சிப்பத்தில் எத்தனை கிராம் கூடுகிறது, குறைகிறது என்று தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அவருக்கு எண் பயமில்லை, கணக்கும் தவறாது. 70க்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்ற ஓர் எண்ணை அவர் கண்ணைப் பார்த்து யாராவது சொல்லியிருந்தால், அதையும் ஈரப்பதத்தைப் போலவே பிடித்துக்கொண்டிருப்பார்.

சொல்கிற சொல்லும் வீட்டுக்குள் புழங்குகிற சொல்லாக இருக்க வேண்டும். இருதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவர்களிடம் "உப்பைக் குறையுங்கள்" என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டில் குழம்பில் உப்பைக் குறைத்துவிடுவார்கள். அது சப்பென்று இருப்பதால் தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் நார்த்தங்காய் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வந்துவிடும். "உப்பே போடுறதில்லையே தம்பி, அப்புறமும் ஏன் கால் வீங்குது?" என்று என்னிடம் கேட்ட அம்மாக்கள் நிறையப் பேர். அவர்கள் பொய் சொல்லவில்லை. உப்பு என்பது அவர்களுக்கு அடுப்பங்கரை ஜாடியில் இருக்கும் உப்பு. ஊறுகாய் என்ற சொல்லை மருத்துவமனையில் யாரும் உச்சரிக்கவில்லை. ஒரு நாளைக்குத் தண்ணீர் ஒன்றே கால் லிட்டர்தான் என்று எழுதியிருந்தால், அது எத்தனை டம்ளர், அதில் காப்பியும் ரசமும் கஞ்சியும் சேருமா என்பதையும் சொல்ல வேண்டும், எல்லாம் சேரும். தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, உடம்பில் தேங்கும் நீர், மூச்சு வாங்கத் தொடங்கும் வரை காத்திராமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். காரணத்தைச் சேர்த்துச் சொன்னால் நம் ஆட்கள் செய்வார்கள். வெறும் கட்டளையாகச் சொன்னால் நான்கு நாளில் விட்டுவிடுவார்கள்.

சீட்டில் எழுதும் 1-0-1 என்பது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று பலருக்கும் பழகிவிட்டது. எஸ்.ஓ.எஸ். என்பது தேவைப்பட்டால் மட்டும் என்பது பழகவில்லை. மூட்டு வாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதைக் கொடுக்கும்போது எந்தக் கிழமை என்று கேட்டு, அந்தக் கிழமையின் பெயரை உறையில் எழுதாமல் நான் கடையை விட்டு வெளியே விடுவதில்லை.

சொல்லைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்ற வாக்கியத்துக்கு நம் பக்கத்தில் இரண்டு பொருள் உண்டு. உடம்பு தேறிவிட்டது, போகலாம் என்பது ஒன்று. இனி எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்பது மற்றொன்று. மருத்துவர் முதலாவதைச் சொல்ல, குடும்பம் இரண்டாவதாக எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்து, வெளியூரிலிருந்து பிள்ளைகள் அலறியடித்துக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் சேர் போடும் அளவுக்குப் போனதை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அந்த ஆத்தா அதற்குப் பிறகு நான்கு வருடம் நன்றாக இருந்தார். இதைவிட வேதனையானது மாறாக நடப்பது. மருத்துவர் இரண்டாவது பொருளில், மனம் நோகக் கூடாது என்று மெதுவாக, "வீட்ல வச்சுப் பாத்துக்கங்க" என்கிறார். குடும்பம் அதைத் தேறிவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. ஒரு வாரம் சத்துமாவும் பழச்சாறும் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பெரியவர் விழுங்க முடியாமல் துப்பும்போது, "சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்" என்று கடிந்துகொள்கிறார்கள். பிறகு அந்தக் கடிந்த சொல் அவர்கள் மனதில் கிடந்து வருடக்கணக்காக அறுக்கிறது. எத்தனை நாள் என்று மருத்துவரால் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் இது தேறி வருகிற பாதையா, தேறாத பாதையா என்பதைச் சொல்லலாம். வலி வந்தால் என்ன கொடுப்பது, மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிடுவது, சாப்பிடவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம் என்பதைச் சொல்லலாம். அப்படிச் சொல்லி அனுப்பப்பட்ட குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் அழுதார்கள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரிடமும் சொல்லி, பெரியவரிடம் மட்டும் சொல்லாமல் விடுவதும் வழக்கமாகிவிட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர், "என்னடா சொன்னாங்க?" என்று கேட்பார். "ஒண்ணுமில்லப்பா, எல்லாம் சரியாயிருச்சாம்" என்பார் மகன். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் எல்லாம் சரியாகிவிட்ட மனிதர் எதற்காகத் தினமும் எட்டு மாத்திரை விழுங்க வேண்டும், எதற்காக இரவில் தனியாகக் கொல்லைக்குப் போகக் கூடாது? அவருக்கு விளங்காததால் அவர் போவார், விழுவார். தன் உடம்பில் நடப்பதைத் தன்னிடம் சொல்லும்படி கேட்கிறவரிடம் ஒளிப்பது முறையில்லை என்பது என் எண்ணம். மற்றவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

பிறகு மாசியில் பெரியம்மா கால் புண்ணுக்காக அதே மருத்துவமனையில் ஆறு நாள் இருக்க நேர்ந்தது. இந்த முறை நான் முந்திக்கொண்டேன். ஐந்தாம் நாள் மாலையே வார்டு செவிலியரிடம் போய், நாளைக்கு அனுப்புவதாக இருந்தால் இன்றைக்கே ஒரு கால் மணி நேரம் ஒதுக்க முடியுமா, மாத்திரை கொடுக்கிறவரைக் கூட்டி வந்திருக்கிறேன் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏழு மணிக்கு ஷிப்ட் மாத்துறதுக்கு முன்னாடி வாங்க" என்றார். பெரியப்பா பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். செவிலியர் டப்பாவிலிருந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சம்மரியோடு ஒத்துப் பார்த்து, வேண்டாதவற்றைத் தனியாக ஒரு உறையில் போட்டு ஸ்டேப்ளர் அடித்தார். பெரியம்மா ஒருக்களித்துப் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். புண்ணில் கட்டு எப்போது மாற்றுவது, எந்த நிறத்தில் நீர் வந்தால் உடனே வருவது என்று சொல்லி முடித்துவிட்டு, செவிலியர் பெரியப்பாவைப் பார்த்து, "ஐயா, இப்ப நான் சொன்னதை நீங்க எனக்குச் சொல்லுங்க. நான் சரியாச் சொன்னேனான்னு பாத்துக்கறேன்" என்றார்.

பெரியப்பா துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். காலை மாத்திரைகளைச் சரியாகச் சொன்னார். இரவு மாத்திரையில் ஒன்றைத் தவறவிட்டார். செவிலியர் எடுத்துக் கொடுத்ததும் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். "கை நடுங்கி வேர்த்துச்சுன்னா முதல்ல கருவியில பாக்கணும். எழுபதுக்குக் கீழ இருந்தா மூணு கரண்டி சக்கரை. அப்புறந்தான் தம்பிக்குப் போன்" என்றார்.

"சோறு சாப்பிடலன்னா?" என்று கேட்டார் செவிலியர்.

பெரியப்பா யோசித்தார். கட்டிலிலிருந்து பெரியம்மாதான் பதில் சொன்னார். "சாப்பிடலன்னா சுகர் மாத்திரையைப் போடக் கூடாது, இங்க போன் பண்ணிக் கேக்கணும். அதானே?"

"அதேதாம்மா" என்று சொல்லி, உறையின் மேல் வார்டின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.